மூன்று சொடுக்கு

என் வேலை சின்னது.
ராக்கெட்டில் ஏறுகிறவர் மடிமேல் இறங்கும் இரும்புக் கம்பி
இறங்கியபின் எழாமல் இருக்கிறதா என்று பார்ப்பது.
மூன்று சொடுக்கு கேட்க வேண்டும்.
இரண்டோடு நின்றால் எதிர்காலத்தை மூடிவிடுவேன்.
அதற்கான சிவப்பு அட்டை எப்போதும் பையில் இருக்கும்.

அனஹைமில் எதிர்காலம் வெள்ளை.
பல் வைத்தியர் அறையின் வெள்ளை.
ஒருமுறை செம்புநிறம் பூசிப் பார்த்தார்களாம்,
கண்ணுக்கு ஒப்பவில்லை,
திரும்பவும் வெள்ளைக்கே வந்துவிட்டார்கள்.
இரவு மெக்கானிக் குவாதலூப்பே அரியாகா
ஒரு மூலையை நகத்தால் சுரண்டிக் காட்டினாள்:
வெள்ளை, அடியில் செம்பு, அதனடியில் மறுபடி வெள்ளை,
இன்னும் கீழே பெயர் தெரியாத ஒரு நீலம்.
இந்த இடம் ஆரஞ்சுத் தோப்பு,
எங்கள் ஆட்கள் கூடை கட்டிப் பறிப்பார்கள் என்றாள்.
அவள் சொன்னது ஸ்பானிஷில்.
பறிப்பார்கள் என்று தமிழாக்கிக்கொண்டது என் காது.
முடிந்துபோன வழக்கத்துக்கு
என் மொழி எதிர்கால இடைநிலையைக் கொடுக்கிறது.
அந்த ஒரு 'ப்ப்' மேல்தான்
அங்கே அத்தனை ராக்கெட்டும் நிற்கின்றன.

ஃப்ளோரிடாவில் எதிர்காலத்துக்கு வியர்க்கும்.
நிஜப் பனைகள் காற்றில் அடித்துக்கொள்ள
பக்கத்தில் தகரப் பனைகள் அசையாமல் மின்னும்.
நாலு மணிக்கு மழை. எல்லாம் நின்றது.
கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பல்லி.
எங்கள் ஊரில் பல்லி சொன்னால் பலிக்கும் என்றேன்.
டெல்ராய் பிங்க்னி குனிந்து அதன் முகத்தைப் பார்த்தார்:
"அப்படியா, ஆறுக்குள் மழை விடுமா, கேள்."
பல்லி ஒன்றும் சொல்லவில்லை.
ஏழேகாலுக்கு விட்டது.

பாரிஸுக்கு வெளியே பித்தளை, தோல், திருகாணி;
நீராவிக் காலத்தவர் கண்ட கனவு.
"பிறக்கும்போதே நூறு வயதாகிவிட்டால்
அப்புறம் யார் உன்னைப் பழசு என்பார்கள்?"
சொலேன் கெர்ப்ரா புகையை விட்டுக்கொண்டே கேட்டாள்.
கெட்டிக்காரத்தனம்தான்.
ஆனால் அங்கேதான் பதினோரு கம்பிகளில் துரு.

ஹாங்காங்கில் எதிர்காலத்தைச் சுற்றித் தகரம் அடைத்திருந்தார்கள்.
பராமரிப்பு என்று எழுதியிருந்தது. திரும்பிவிட்டேன்.

உராயாசுவில் எனக்கு வேலையே இல்லை.
ஒவ்வொரு மரையிலும் மயிரிழை போல் ஒரு வெள்ளைக் கோடு.
கோடு பிசகினால் மரை தளர்ந்தது என்று அர்த்தம்.
ஒன்றும் பிசகவில்லை.
இசுருகி சானே டார்ச் அடிக்க, நான் எண்ணிக்கொண்டு வந்தேன்,
நானூற்று அறுபதில் தரை நடுங்கியது.
கடலைத் தூர்த்து உண்டாக்கிய தரை.
வெளியே எல்லோரும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள்,
பாப்கார்ன் டப்பாவைத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டு.
யாரும் கத்தவில்லை.
நடுக்கம் நின்றதும்
சானே முதல் மரையிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

ஷாங்காயில் இறங்கி நகருக்குள் போன ரயில்
தண்டவாளத்தைத் தொடவில்லை.
மணிக்கு முந்நூறு கிலோமீட்டர்.
மடியைப் பார்த்தேன், கம்பி இல்லை.
எதிரே ஒருவர் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.
பூங்காவுக்குள் எதிர்காலம் நீலமாய் ஒளிர்ந்தது,
அதில் மூன்றில் ஒரு பங்கு வேகம்கூட இல்லை.
சியூ யென்ஃபெய்யிடம் சொன்னேன். சிரித்தாள்.
"அங்கே கத்தினால் பைத்தியம் என்பார்கள்.
கத்துவதற்குத்தான் டிக்கெட் வாங்கி இங்கே வருகிறார்கள்."

பதினான்காம் இருக்கை.
சொடுக்கு. சொடுக்கு.
காத்திருந்தேன். காதை அருகே வைத்தேன்.
சிவப்பு அட்டையை எடுத்தேன்.

இரண்டு மணி நேரம் வரிசையில் நின்ற ஒரு பையன்
கழுத்தில் தண்ணீர்க் குப்பியோடு
எப்போது திறப்பீர்கள் என்றான்.
நாளை, என்றாள் யென்ஃபெய்.
உதிரிபாகம் வந்துசேர ஒன்பது நாள் ஆகும்.
அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.